பழைய கோல்ஃப் கிளப்புகளைச் சேர்ப்பதும் அவற்றால் ஆடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிளப்புகளோடு (பந்தை அடிக்கும் மட்டைகளோடு) ஆடப் போனால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். கிளப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார், அப்புறம் கேட்கத் தொடங்குவார். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்கப்பட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக.

எவ்வளவு பழசா இருந்தா "பழைய கிளப்"னு கணக்கு?

ஒரே கோடு கிடையாது. சேகரிப்பவர்கள் காலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி நீள மூக்கு வைத்த மரத்தலைகளின் காலம். அதற்குப் பிறகு 1930களின் நடுப்பகுதி வரை ஹிக்கரி மரத்தண்டின் காலம். அங்கிருந்து 1980கள் வரை எஃகுத் தண்டு, பெர்சிம்மன் மரத்தலை, மெல்லிய பிளேடு ஐயர்ன் (இரும்புத் தலை கிளப்) ஆகியவற்றின் காலம். நீள மூக்குக் கிளப்புகள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டியவை. ஆடுவதற்கு என்று தேடுபவர்களுக்குப் பின்னிரண்டும்தான்.

எஃகுத் தண்டை, கோல்ஃப் விதிகளை வகுக்கும் இரு அமைப்புகளான அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. 1924இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ 1929இலும் அனுமதித்தன. பாபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் ஹிக்கரி கிளப்புகளால் வென்றார். அடுத்த ஆண்டே பில்லி பர்க் எஃகுத் தண்டோடு யு.எஸ். ஓபனை வென்றுவிட்டார். 1936 யு.எஸ். அமெச்சூர் பட்டத்தை ஜானி ஃபிஷர் ஹிக்கரியால் வென்றதோடு பெரிய போட்டிகளில் மரத்தண்டின் கதை முடிந்தது. மரத்தலை இன்னும் நெடுநாள் தாக்குப்பிடித்தது. டெய்லர்மேட் நிறுவனம் 1979இல் உலோகத் தலை டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பை) கொண்டுவந்த பிறகும், 1993 மாஸ்டர்ஸை பெர்ன்ஹார்ட் லாங்கர் பெர்சிம்மன் டிரைவரோடுதான் வென்றார்.

தண்டு மரமா இரும்பான்னு பார்த்தாலே தெரிஞ்சிடாதா?

தெரியாது. எஃகு வந்த புதிதில் ஆட்டக்காரர்களின் கண் மரத்துக்கே பழகியிருந்தது. அதனால் எஃகுத் தண்டின் மேல் மர நிறத்திலும் மஞ்சளிலும் பிளாஸ்டிக் உறை போட்டு விற்றார்கள். 1930களின் கிளப்புகளில் இது நிறைய உண்டு. ஹிக்கரி என்று நம்பி வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம்.

ஒரு சின்னக் காந்தத்தைத் தண்டின் நடுவில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு. காந்தம் கையில் இல்லையா, ஐயர்னில் தண்டு தலையோடு சேரும் கழுத்தைப் பாருங்கள். மரத்தண்டு என்றால் கழுத்துக்கு மேலே மர இழை ஓடுவது தெரியும், கழுத்தின் குறுக்கே தண்டைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு ஆணியும் இருக்கும். எஃகுத் தண்டிலும் ஆணி இருக்கலாம். அதனால் ஆணியை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

மாஷி, நிப்லிக், ஸ்பூன்னு என்னென்னமோ போட்டிருக்கே. எண் எங்கே?

1930களில் ஒரே அமைப்பில் முழு செட்டாகச் செய்து விற்கும் வழக்கம் பரவிய பிறகுதான் எண்கள் நிலைத்தன. அதற்கு முன் பெயர்கள்தான். மரத்தலைகளில் டிரைவர், பிராஸி, ஸ்பூன். பிராஸியின் அடியில் பித்தளைத் தகடு இருக்கும், இன்றைய 2 வுட் அளவுக்குச் சொல்லலாம். ஸ்பூன் என்பது 3 வுட். ஐயர்ன்களில் கிளீக் மிகவும் நிமிர்ந்த முகம் (பந்தில் படும் பக்கம்) கொண்டது. மிட்-ஐயர்ன் கிட்டத்தட்ட 2 ஐயர்ன், மாஷி 5 ஐயர்ன், மாஷி-நிப்லிக் 7 ஐயர்ன், நிப்லிக் 9 ஐயர்ன். ஜிகர் என்று குறுகிய முகத்தோடு ஒன்று வரும். குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்தரைக்கு வெளியே இருந்து பந்தை ஓடவிட அதைப் போல இன்னொன்று கிடையாது.

இந்த ஒப்பீடுகளை அப்படியே நம்பி அடிக்க வேண்டாம். ஒரு பட்டறையின் மாஷி இன்னொரு பட்டறையின் மாஷி-நிப்லிக்கைவிடச் சாய்ந்திருக்கலாம். நூறு வருஷத்தில் யாராவது வளைத்தும் இருக்கலாம். லாஃப்ட் (முகத்தின் சாய்வு) அளக்கும் கருவியில் ஒருமுறை வைத்துப் பார்த்து, டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மறந்துவிட்டு அந்த எண்ணை வைத்து ஆடுங்கள்.

பரண்ல ஒரு பை நிறைய கிடைச்சது. நல்ல விலை போகுமா?

பெரும்பாலும் போகாது. 1910 முதல் 1935 வரை செய்த கிளப்புகள் ஆலைகளில் ஏராளமாக உருவானவை. "கையால் அடித்தது என்று உறுதி" என்ற பொருளில் வாசகமும், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர்ப்பெயரும் மிகச் சாதாரணமான கிளப்பிலும் பொறித்திருக்கும். அவை அரிய பொருளுக்கு அடையாளம் இல்லை. பெர்சிம்மன் காலத்து கிளப்புகளும் அப்படித்தான். சில குறிப்பிட்ட மாடல்களைத் தவிர மற்றவை எளிதில் கிடைக்கும்.

பெரிய விலை போகிறவை வேறு ரகம். 2007இல் நடந்த ஒரு ஏலத்தில் ஆண்ட்ரூ டிக்சன் செய்த 18ஆம் நூற்றாண்டு பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டும் கிளப்) ஒன்று 1,81,000 டாலருக்குப் போனது. முகம் வழுவழுப்பாக இருக்கும் 1890களுக்கு முந்தைய கனமான ஐயர்ன்கள், நீள மூக்குக் கிளப்புகள், வினோதமான காப்புரிமை வடிவங்கள் ஆகியவைதான் தேடப்படுகின்றன. உங்கள் பையில் அப்படி எதுவும் இல்லையென்றால் வருத்தப்படாதீர்கள். விலைமதிப்பு குறைந்த கிளப்பைத்தான் பயமில்லாமல் ஆட முடியும். என்னைக் கேட்டால் அதுவே நல்ல கொள்முதல்.

எந்த வருஷத்து கிளப், யார் செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஐயர்னின் பின்பக்கத்தில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். பட்டறைக்காரரின் அடையாளம் அது. புகைக்கும் குழாய் என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட். நட்சத்திரம் என்றால் கிங்ஹார்னின் வில்லியம் கிப்சன். கை என்றால் லெவனின் ஜார்ஜ் நிக்கல். இவற்றோடு இன்னொரு பெயரும் பொறித்திருந்தால் குழம்ப வேண்டாம். பட்டறைகள் தலையை மட்டும் அடித்துக் கொடுத்தன. மைதானத்துத் தொழில்முறை ஆட்டக்காரர் அதை வாங்கித் தண்டு பூட்டி, தன் பெயரையும் பொறித்து விற்பார். ஆகவே முத்திரை செய்தவருடையது, பெயர் விற்றவருடையது. ஸ்டூவர்ட்டின் குழாய் முத்திரை இருந்தால் ஆடுவதற்கும் நல்ல கிளப் என்று துணிந்து சொல்வேன். பாபி ஜோன்ஸின் ஐயர்ன்களில் பல ஸ்டூவர்ட் செய்தவைதான்.

வருஷத்தைத் துல்லியமாகச் சொல்வது கடினம், பத்தாண்டுக் கணக்கில் சொல்லலாம். முகம் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது. புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் அதற்குப் பின். ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கல் பந்து 1899இல் காப்புரிமை பெற்றுப் பரவிய பிறகு, பந்தைச் சுழலவைக்க முகத்தில் வரிகள் வந்தன. குரோம் பூச்சு என்றால் 1920களின் கடைசிக்குப் பின். மரத்தலையில் தண்டும் தலையும் சரிவாக வெட்டி ஒட்டி, மேலே நூல் நீளமாகச் சுற்றியிருந்தால் பழையது. தலையில் துளையிட்டுத் தண்டைச் செருகியிருந்தால் அதற்கு அடுத்த காலம். இதில் எந்த ஒன்றும் தனியாகச் சாட்சி ஆகாது. மூன்று நான்கு ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம்.

அலுமினியத் தலையைப் பார்த்துவிட்டு இது பிற்காலத்தது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சண்டர்லாந்தில் மில்ஸ் நிறுவனம் ஹிக்கரி காலத்திலேயே அலுமினியத் தலைகளைச் செய்தது. அவர்களுடைய பட்டர்கள் இன்றும் அருமையாக உருட்டும்.

துருவை எடுத்துப் பளபளன்னு ஆக்கிடலாமா?

வேண்டாம். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சுழலும் சக்கரத்தில் வைத்து மெருகேற்றினால் முத்திரைகளின் விளிம்பு மழுங்கிவிடும். நூறு வருஷத்துக் கருமை ஐந்து நிமிஷத்தில் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. மேலே உள்ள பதிலில் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அந்த உலோக மேற்பரப்பில்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் லேசாகத் தேய்த்து, உதிரும் துருவை மட்டும் எடுங்கள். அடியில் இருக்கும் கரும்பழுப்பு அப்படியே இருக்கட்டும், அது உலோகத்தைக் காக்கும். கடைசியில் ஒரு பூச்சு மெழுகு. மரத்தண்டில் பழைய வார்னிஷ் நன்றாக இருந்தால் கை வைக்காதீர்கள். வறண்டு போயிருந்தால் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவித் துடைக்கலாம். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

மரத்தண்டு அடிக்கும்போது உடைஞ்சு போகாதா?

உடையலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஹிக்கரி வட அமெரிக்க மரம். கடினமும் வளைவும் சேர்ந்தது. அதனால்தான் ஆஷ் மரத்தை ஓரம் தள்ளிவிட்டு அது நிலைத்தது. நல்ல தண்டில் இழை மேலிருந்து கீழாக நேராக ஓடும். இழை தண்டின் பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் முறியும்.

ஆடுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். கழுத்துக்குச் சற்று மேலே நகக்கீறல் போல விரிசல் இருக்கிறதா? தலையை ஒரு கையிலும் தண்டை ஒரு கையிலும் பிடித்துத் திருகினால் ஆடுகிறதா? தண்டை மெல்ல வளைக்கும்போது "டிக்" என்று சத்தம் வருகிறதா? தலை ஆடினால் ஆணியைத் தட்டி எடுத்து, தண்டைக் கழற்றி, எபாக்ஸி பசை வைத்து மறுபடி பூட்ட வேண்டும். தண்ணீரில் ஊறவைத்தால் இறுகிவிடும் என்று சொல்வார்கள். இறுகும், காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துவிடும். தண்டு கொஞ்சம் கோணலாக இருப்பது பெரிய குறை இல்லை. மிதமான சூடு காட்டி நிமிர்த்திவிடலாம்.

எந்தப் பந்து போடணும்?

மென்மையான, கம்ப்ரஷன் குறைந்த பந்து. பயிற்சி மைதானத்துப் பந்துகள் கல்லாக இருக்கும். அவை பெர்சிம்மன் முகத்தையும் ஹிக்கரித் தண்டையும் சேர்த்தே கெடுக்கும். பயிற்சிக்குப் போனாலும் சொந்தப் பந்தை எடுத்துப் போங்கள். ரப்பர் பாய் விரித்த இடத்தில் பழைய ஐயர்னால் அடிக்காதீர்கள், கீழே இருக்கும் சிமெண்ட் தரையின் அதிர்வு நேராகத் தண்டுக்குப் போகும்.

ஆரம்பிக்க எத்தனை கிளப் வேணும்?

ஏழு போதும். சிக் எவன்ஸ் 1916 யு.எஸ். ஓபனை வெறும் ஏழு கிளப்புகளோடு வென்றார். 14 என்ற உச்சவரம்பே அமெரிக்காவில் 1938இல், ஆர் அண்ட் ஏவில் 1939இல்தான் வந்தது. ஹிக்கரியில் தொடங்குகிறவர் ஒரு பிராஸி அல்லது ஸ்பூன், மிட்-ஐயர்ன், மாஷி, மாஷி-நிப்லிக், நிப்லிக், பட்டர் ஆகியவற்றைத் தேடட்டும். டிரைவர் கடைசியில் வரட்டும். நல்ல ஹிக்கரி டிரைவர் கிடைப்பது கடினம், ஸ்பூனால் தொடங்கினால் நேராகவாவது போகும்.

ஒரே பட்டறையின் செட் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒவ்வொரு கிளப்பையும் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். கனமும் தண்டின் நெகிழ்வும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தோன்றுவதைச் சேர்த்துக்கொண்டே போங்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களும் அப்படித்தான் சேர்த்தார்கள். இந்தத் தேடலில் இருக்கும் சுகம் பெட்டியோடு ஒரு செட்டை வாங்கும்போது வராது.

பெர்சிம்மன் டிரைவர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் அது பெர்சிம்மன்தானா என்று பாருங்கள். தலையின் மேல்பக்கம் கோடு கோடாக அடுக்குகள் தெரிந்தால் அது மேப்பிள் பலகைகளை ஒட்டிச் செய்தது. ஆடுவதற்கு அதுவும் நல்லதுதான், உறுதியும் அதிகம். விலையை மட்டும் பெர்சிம்மனுக்கு உரியதாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்து முகம். நடுவில் பதித்த துண்டைச் சுற்றி இடைவெளி இருக்கக் கூடாது. திருகுகள் தளர்ந்திருந்தால் முடுக்கிவிடலாம். கழுத்தில் சுற்றிய நூல் அவிழ்ந்திருப்பது குறையே இல்லை, அதை நீங்களே சுற்றலாம். ஆனால் நூலுக்கு அடியில் மரம் பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடித்தகட்டின் ஓரம் மரம் கறுத்து உப்பியிருந்தால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. மழையில் ஆடினால் உடனே துடைத்து, தலையுறை போடாமல் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு உறை போடுவதுதான் பெர்சிம்மனைக் கொல்லும். மிகப் பழைய தலைகளில் தந்தத் துண்டு பதித்தவை உண்டு. தந்த வணிகத்துக்குப் பல நாடுகளில் கடுமையான தடை இருப்பதால் எல்லை தாண்டி அனுப்பும் முன் சட்டத்தைப் பாருங்கள்.

தூரம் ரொம்பக் குறைஞ்சிடுமே?

குறையும். அதில் ஒரு பகுதி எண்களின் மாயம். 1960களின் 7 ஐயர்ன் 38 டிகிரி அளவில் இருக்கும். இன்று தூரத்துக்கென்று செய்யும் 7 ஐயர்ன் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டது. பழைய பிட்சிங் வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) 50 டிகிரியைத் தொடும், இன்றையது பல செட்டுகளில் 44 பக்கம். ஆகவே பழைய 7 ஐயர்னை இன்றைய 9 ஐயர்னோடு ஒப்பிட்டால்தான் நியாயம்.

டிரைவரில் உண்மையாகவே குறையும். பெர்சிம்மன் டிரைவர் 43 அங்குலம், தலை இன்றைய 460 கன சென்டிமீட்டர் தலையில் பாதிகூட இருக்காது. எனவே முன்னால் இருக்கும் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) ஆடுங்கள். மைதானத்தை வடிவமைத்தவர் பங்கர்களை (மணல் பள்ளங்களை) எதற்காக அந்த இடங்களில் வைத்தார் என்பது அப்போதுதான் புரியும்.

நான் இப்பதான் கத்துக்கறேன். பிளேடு ஐயர்ன் வெச்சு ஆடினா கெட்டுப் போவேனா?

கெட மாட்டீர்கள். நடுவில் படாத அடியைப் பிளேடு உடனே கையில் சொல்லிவிடும். விளிம்பில் கனம் வைத்த இன்றைய கிளப் அதை மறைத்துவிடும். ஆனால் முழு செட்டும் பிளேடாக வைத்துத் தினமும் தோற்றுக்கொண்டிருப்பது சலிப்பைத் தரும். ஒரு பழைய 7 ஐயர்னை மட்டும் வாங்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வதே என் யோசனை.

ஹிக்கரிக்கு ஸ்விங்கை மாத்தணுமா?

வேகத்தை மாற்ற வேண்டும். மரத்தண்டு வளைவதோடு முறுக்கவும் செய்யும். மேலிருந்து அவசரமாக இறக்கினால் தலை பின்தங்கி முகம் திறந்துகொள்ளும், பந்து வலப்பக்கம் போகும் (வலக்கை ஆட்டக்காரர்களுக்கு). பின்னால் எடுத்துப் போகும்போது நிதானம், மேலே ஒரு நொடி காத்திருப்பு, அப்புறம் இறக்கம். கிரிப்பை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதும் முக்கியம். தோல் கிரிப் வழுக்குவதால்தான் பலர் இறுக்குகிறார்கள். அதற்கென்று விற்கும் பிசுபிசுப்புப் பூச்சைத் தடவினால் போதும்.

சாண்ட் வெட்ஜ் இல்லாம மணல்ல இருந்து எப்படி எடுக்கறது?

நிப்லிக்கால்தான். அதன் அடிப்பகுதி கத்தி போல இருப்பதால் மணலுக்குள் புதைந்துவிடும். இன்று போல பந்துக்குப் பின்னால் பலமாக அடித்தால் கிளப் அங்கேயே நின்றுவிடும். முகத்தை நன்றாகத் திறந்து, மணலை மெல்லியதாகச் சீவி எடுக்க வேண்டும். விளிம்பு தாழ்ந்த பங்கர் என்றால் பட்டரால் உருட்டிவிடுவதும் மரியாதையான வழிதான். ஜீன் சாரசன் தன் சாண்ட் வெட்ஜோடு 1932 பிரிட்டிஷ் ஓபனை வென்ற பிறகே தடித்த அடிப்பகுதி பரவியது. அதற்கு முன் எல்லோருக்கும் இதே பாடுதான்.

ரிப்பேர் பண்ணினா, கிரிப் மாத்தினா மதிப்பு போயிடுமா?

ஆடும் கிளப்பா, சேகரிப்புக் கிளப்பா என்று முதலில் பிரியுங்கள். ஆடும் கிளப்பில் கிரிப்பை மாற்றுங்கள், நூலைச் சுற்றுங்கள், தண்டு முறிந்தால் வேறு ஹிக்கரித் தண்டு பூட்டுங்கள். எல்லாமே நியாயம், அந்தக் காலத்திலும் செய்ததுதான். அரிய கிளப் என்று சந்தேகம் வந்தால் அறிந்தவர் பார்க்கும்வரை எதையும் கழற்றாதீர்கள். கிழிந்த அசல் தோல் கிரிப் புதிய கிரிப்பைவிட மதிப்புள்ளது.

பழைய பெர்சிம்மன் தலையில் கார்பன் தண்டு போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம், ஆடும். ஆனால் அந்தத் தலையின் கனம் எஃகுத் தண்டுக்காக அமைத்தது. இலேசான தண்டு போட்டதும் சமநிலை தலைப்பக்கம் சாய்ந்துவிடும். நான் செய்ய மாட்டேன்.

அசலா, அலங்காரத்துக்குச் செஞ்ச நகலான்னு எப்படித் தெரியும்?

சுவரில் மாட்டவென்று செய்த நகல்களில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் ஆடிய கிளப் முகத்தின் நடுவிலும், அடியிலும், கிரிப்பில் கட்டைவிரல் படும் இடத்திலும்தான் தேயும். முத்திரை ஆழமாகவும் கூர்மையாகவும் இருக்க, உலோகம் மட்டும் தின்றுபோயிருந்தால் சந்தேகப்படுங்கள். ஹிக்கரி ஆட்டத்துக்கென்று நேர்மையாகச் செய்து விற்கும் புதிய கிளப்புகளும் உண்டு. அவை போலி அல்ல, ஆடுவதற்கு மிக நல்லவை.

போட்டியில இதையெல்லாம் அனுமதிப்பாங்களா?

பெரும்பாலானவற்றுக்குத் தடை இல்லை. புதியதும் பழையதுமாகக் கலந்துகூட வைத்துக்கொள்ளலாம், 14ஐத் தாண்டாதவரை. ஹிக்கரி ஆட்டக்காரர்களின் போட்டிகளில் விதி வேறு. அமெரிக்காவின் ஹிக்கரி ஆட்டக்காரர் சங்கம் 1935க்கு முந்தைய கிளப்புகளையும், தான் ஒப்புக்கொண்ட நகல்களையும் மட்டும் ஏற்கிறது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. முகத்தில் ஆழமான பள்ளக்கோடுகள் வெட்டிய ஐயர்ன்கள் 1920களின் தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டன. ஜாக் ஹட்சிசன் 1921 பிரிட்டிஷ் ஓபனை அப்படிப்பட்ட கிளப்புகளால் வென்றது அந்த விவாதத்தைச் சூடாக்கியது. முகம் உட்குழிந்த சாண்ட் கிளப்புக்கு 1931இல் தடை வந்தது. இவை கிடைத்தால் அலமாரியில் வையுங்கள். ஒரு காலத்தில் தடைபட்டு இன்று சரியானவையும் உண்டு. வால்டர் டிராவிஸ் 1904 பிரிட்டிஷ் அமெச்சூரை ஷெனெக்டடி பட்டரால் வென்றார். தண்டு தலையின் நடுப்பக்கம் இறங்கும் அந்த வகையை ஆர் அண்ட் ஏ 1910இல் தடைசெய்து, 1950களின் தொடக்கத்தில்தான் விலக்கியது.

2010இல வந்த குரூவ் விதி பழைய ஐயர்னுக்கும் உண்டா?

அந்த விதி முகத்துக் கோடுகளின் அளவையும் விளிம்பின் கூர்மையையும் கட்டுப்படுத்தியது. உயர்மட்டப் போட்டிகளில் உள்ளூர் விதியாக அது அமலாகும். அங்கே ஆடுவதானால் நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை.

இதில் ஒரு விசித்திரமான விலக்கு இருந்தது. பிங் நிறுவனத்தின் ஐ 2 ஐயர்ன்களின் கோடுகளை வைத்து நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, 1990 ஏப்ரல் 1க்கு முன் செய்தவை செல்லும் என்று ஒப்புக்கொண்டார்கள். இருபது வருஷம் கழித்துப் புது விதி வந்ததும் பில் மிக்கெல்சன் உட்படச் சிலர் அந்தப் பழைய வெட்ஜ்களைத் தேடி எடுத்து வந்தார்கள். சர்ச்சை எழுந்தது, சில வாரங்களிலேயே பிங் நிறுவனம் உரிமையை விட்டுக்கொடுக்க, தொழில்முறைப் போட்டிகளில் அந்தக் கதவு மூடப்பட்டது. ஐ 2 செட் வைத்திருப்பவர்கள் அதை எடுத்து ஆடலாம். 1980களில் செய்த ஐயர்ன்களில், தவறான அடியை இன்றும் அதிகம் மன்னிக்கிற செட் அது.